கோட்டில் பிறந்த சம்மட்டி

காவியத்தைப் போற்றுகிறோம், கருவியையும் போற்றுகிறோம். ஆனால் கருவிக்கு முன்னால் பிறந்து, கருவி பிறந்தவுடன் மறக்கப்பட்டுவிடும் பொருள் ஒன்று உண்டு. அதுவே கருத்துப்படம். ஓர் எந்திரம் இரும்பாக உருப்பெறுமுன் தாளில் சில கோடுகளாக இருக்கின்றது. கோடுகளாகுமுன் ஒருவர் உள்ளத்தில் மங்கிய எண்ணமாக இருக்கின்றது. அந்த எண்ணத்தைத் தமக்கே தெளிவாக்கிக் கொள்வதற்கும், தெளிந்ததைப் பிறருக்கு உணர்த்துவதற்கும் அக்கோடுகளே துணை.

இவ்வுண்மையைத் தம் வாழ்வால் மெய்ப்பித்தவர் ஸ்காத்லாந்து தந்த பொறியறிஞர் ஜேம்ஸ் நாஸ்மித். நீராவிச் சம்மட்டியைக் கண்டவர் என்று தொழில் வரலாறு அவரைக் குறிப்பிடுகின்றது. அந்தச் சம்மட்டி ஒரு குறிப்பேட்டின் பக்கத்தில் பிறந்தது என்பதும், வரைந்தவர் அறியாமலே அது கடல் கடந்து வேறொரு நாட்டில் இரும்பாக எழுந்து நின்றது என்பதும் நம்மில் பலர் அறியாத செய்திகள்.

ஓவியர் வீட்டுப் பிள்ளை

நாஸ்மித் குடும்பத்தில் வழிவழியாக ஒரு கதை வழங்கி வந்தது. முன்னோர் ஒருவர் போரில் தோற்று, பகைவருக்கு அஞ்சி ஒரு கொல்லன் உலைக்குள் புகுந்தாராம். கொல்லனைப்போல் வேடம் பூண்டு சம்மட்டியை ஓங்கி அடித்தபோது அதன் பிடி முறிந்ததாம். துரத்தி வந்தவன் அவர் கொல்லர் அல்லர் என்று கண்டுகொண்டானாம். கொல்லன் அல்லன் என்று பொருள்படும் ஸ்காத்லாந்து வழக்கே குடும்பப் பெயராக நிலைத்துவிட்டது என்பர். முறிந்த சம்மட்டிகள் இரண்டு அக்குடும்பத்தின் சின்னத்திலும் இடம் பெற்றன. கதை மெய்யோ பொய்யோ, கொல்லன் அல்லன் என்று பெயர் பெற்ற குடியில் பிறந்த ஒருவரே மனிதக் கை ஓங்க முடியாத பெருஞ்சம்மட்டிக்கு வடிவம் தந்தார் என்பது சுவையான பொருத்தமாகும்.

ஜேம்ஸ் நாஸ்மித் 1808ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 19ஆம் நாள் எடின்பரோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் நாஸ்மித் இயற்கைக் காட்சிகளைத் தீட்டுவதில் புகழ் பெற்ற ஓவியர். ஸ்காத்லாந்து மக்கள் தம் தேசியக் கவியாகக் கொண்டாடும் இராபர்ட் பர்ன்சின் உருவத்தை 1787இல் தீட்டியவர் அவரே. தமையன் பாட்ரிக்கும் ஓவியர். தமக்கையரும் ஓவியம் பயின்று, வீட்டிலேயே பிறருக்கும் பயிற்றுவித்தனர்.

ஆனால் அலெக்சாண்டர் தூரிகையோடு நின்றவர் அல்லர். ஓவியக் கூடத்தோடு ஒரு பட்டறையும் அவர் வீட்டில் இருந்தது. அதில் கடைசல் பொறியும் இருந்தது. 1788இல் டால்ஸ்விண்டன் ஏரியில் பாட்ரிக் மில்லர் என்பவர் நீராவிப் படகு ஒன்றை ஓட்டிப் பார்த்தபோது, அந்த முயற்சியோடு நெருங்கிய தொடர்பு கொண்டவர்களுள் இந்த ஓவியரும் ஒருவர். கலையும் தொழிலும் அவ்வீட்டில் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தன.

பிள்ளைகளுக்கும் மாணவருக்கும் அவர் வரைதல் கற்பித்த முறை புதுமையானது. செங்கற்களையோ, செங்கல் வடிவில் அறுத்த மரக்கட்டைகளையோ கைபோன போக்கில் தரையில் எறிவார். அவை விழுந்து கிடக்கும் கோலத்தை அப்படியே வரையச் சொல்வார். எந்தக் கட்டை எதன்மேல் சாய்ந்திருக்கின்றது, எது எதனை மறைக்கின்றது, ஒளி எங்கே, நிழல் எங்கே என்று கண் ஆராய வேண்டும். கை அதனைத் தாளில் கொணர வேண்டும். ஓர் அழகிய படத்தைப் பார்த்து நகல் எடுப்பவனுக்கு அந்தப் படம் மட்டுமே வரும். சிதறிய கட்டைகளை வரையக் கற்றவனுக்கோ உலகில் உள்ள எப்பொருளும் வசப்படும். படம் என்பது சுவரை அலங்கரிக்கும் பொருளன்று. சொல்லால் உணர்த்த இயலாததை உணர்த்தும் ஒரு மொழி என்னும் கருத்தே தந்தை மகனுக்கு விட்டுச் சென்ற பெருஞ்செல்வம்.

படுக்கையறையில் ஓர் உலை

ஜேம்சுக்குப் பள்ளிக் கல்வியில் பெருவிருப்பம் ஏற்படவில்லை. இலத்தீன் இலக்கணத்தை மனப்பாடம் செய்வதைவிட, பள்ளித் தோழன் ஒருவனின் தந்தை நடத்திய இரும்பு வார்ப்பாலையில் நேரம் போக்குவதே இனித்தது. பழுத்த இரும்பை எப்படி அடிக்கிறார்கள், அச்சில் எப்படி ஊற்றுகிறார்கள் என்பதை அங்குப் பார்த்துப் பார்த்துக் கற்றார். 1820இல் உயர்நிலைப் பள்ளியை விட்டு நீங்கியவர், அடுத்த ஆண்டில் எடின்பரோவில் தொழிலாளர் கல்விக்கெனத் தொடங்கப்பட்ட கலைப்பள்ளியில் சேர்ந்து அறிவியல் பயின்றார்.

நீராவி எஞ்சின் இயங்கும் முறையைக் குறுக்கே வெட்டிக் காட்டும் சிறு மாதிரிகளைச் செய்து விற்று, அவ்வருவாயைக் கொண்டு பல்கலைக் கழக வகுப்புகளுக்குக் கட்டணம் செலுத்தினார். மாதிரிகளுக்கு வேண்டிய பித்தளை உறுப்புகளை இரவு வேளையில் தம் படுக்கையறையின் கணப்பிலேயே உருக்கி வார்த்தார். கீழறையில் தந்தை உறங்குவார். அவர் உறக்கம் கலையாதிருக்கத் தரையில் கம்பளம் விரித்து ஓசையை அடக்கிக் கொள்வார். இருபது வயது நிரம்புமுன்னரே எட்டுப் பேரை ஏற்றிக்கொண்டு சாலையில் ஓடும் நீராவி வண்டி ஒன்றையும் செய்து ஓட்டிக் காட்டினார்.

மாட்ஸ்லேயின் பட்டறை

அந்நாளில் எந்திரத் தொழிலாளருக்கெல்லாம் குருவாக விளங்கியவர் இலண்டன் ஹென்றி மாட்ஸ்லே. துல்லியமான திருகு வெட்டும் கடைசல் பொறியைச் செம்மை செய்தவர் அவர். அவரிடம் தொழில் கற்க வேண்டும் என்பது ஜேம்சின் கனவு. 1829இல் தந்தையும் மகனும் இலண்டன் சென்று அவரைக் கண்டனர். ஆனால் பணம் கட்டிக் கற்க வந்த மாணாக்கர்களால் பட்ட தொல்லை போதும் என்று கருதிய மாட்ஸ்லே, இனி எவரையும் சேர்ப்பதில்லை என்று உறுதி பூண்டிருந்தார். மரியாதைக்காகப் பட்டறையை மட்டும் சுற்றிக் காட்டினார். ஓரிடத்தில் ஒரு தொழிலாளி எஞ்சின் உலையின் சாம்பலை அள்ளிக் கொண்டிருந்தார். அந்த வேலை கிடைத்தாலும் தமக்கு மகிழ்ச்சியே என்று ஜேம்ஸ் சொல்ல, மாட்ஸ்லேயின் மனம் இளகியது. மறுமுறை வரும்போது தம் கைவேலையைக் கொண்டுவரச் சொன்னார்.

ஜேம்ஸ் இரண்டு பொருள்களை எடுத்துச் சென்றார். ஒன்று, தாமே செய்த எஞ்சின் மாதிரி. மற்றொன்று, தாம் வரைந்த படங்கள். பரிந்துரைக் கடிதங்களால் ஆகாதது அவற்றால் ஆயிற்று. மாணாக்கராக அன்று, தம் சொந்தப் பட்டறையில் தமக்கு உதவியாளராகவே மாட்ஸ்லே அவரை அமர்த்திக்கொண்டார். ஊதியம் வாரத்துக்கு 10 ஷில்லிங். தந்தைக்குச் சுமையாகக் கூடாது என்று அத்தொகைக்குள்ளேயே வாழ்ந்தார் ஜேம்ஸ். எண்ணெய் விளக்கின் சூட்டில் தானே வேகும் ஒரு தகர அடுப்பைத் தாமே வகுத்து, காலையில் உணவை ஏற்றி வைத்துவிட்டு வேலைக்குச் செல்வார். மாலையில் திரும்பும்போது உணவு வெந்திருக்கும்.

மாட்ஸ்லேயிடம் அவர் கற்றவற்றுள் தலையாயது, செய்யுமுன் தெளிவாக எண்ணும் பழக்கம். முதலில் எது வேண்டும் என்று தெளிய வேண்டும். பிறகு வேண்டாத உறுப்பையெல்லாம் நீக்க வேண்டும். எஞ்சியிருப்பதே நல்ல எந்திரம். இந்த நீக்கலைத் தாளில் செய்தால் ஒரு கோட்டை அழித்தால் போதும். இரும்பில் செய்தால் பணமும் காலமும் பாழாகும்.

1830ஆம் ஆண்டு செப்டம்பரில் லிவர்பூல்–மாஞ்செஸ்டர் இருப்புப்பாதை திறக்கப்பட இருந்தது. விடுமுறை பெற்று அங்குச் சென்ற நாஸ்மித், ஸ்டீவன்சனின் 'ராக்கெட்' எஞ்சினைக் கண்டு அங்கேயே அதன் படத்தை வரைந்து கொண்டார். வண்டி வரலாறு ஆராய்வோருக்கு அப்படம் ஓர் அரிய சான்று. இலண்டனுக்குத் திரும்பும்போது பெரும்பாலும் நடந்தே வந்தார். வழியிலிருந்த உலைக்களங்களையும் இடிந்த கோட்டைகளையும் குறிப்பேட்டில் வரைந்துகொண்டே வந்தார்.

1831 பிப்ரவரியில் மாட்ஸ்லே மறைந்தார். அவ்வாண்டிலேயே எடின்பரோ திரும்பிய நாஸ்மித், தமக்கு வேண்டிய கருவிகளைத் தாமே செய்து கொண்டு, 1834இல் மாஞ்செஸ்டரில் தொழில் தொடங்கினார். பழைய பஞ்சாலை ஒன்றின் மாடியே தொழிற்கூடம். கீழ்த்தளத்தில் கண்ணாடி வெட்டும் தொழிலாளி ஒருவர் இருந்தார். ஒருநாள் கனத்த எஞ்சின் உறுப்பு ஒன்றின் முனை மாடித்தளத்தைப் பொத்துக்கொண்டு அவருடைய கண்ணாடிகளுக்கு நடுவே போய் நின்றது. இனிச் சொந்த இடம் இன்றியமையாதது என்பது விளங்கிற்று. பாட்ரிகிராப்ட் என்னும் ஊரில், கால்வாயும் இருப்புப்பாதையும் சந்திக்குமிடத்தில், 6 ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து 1836இல் பிரிட்ஜ்வாட்டர் வார்ப்பாலையை நிறுவினார். ஹால்புரூக் காஸ்கெல் அவருக்குக் கூட்டாளியானார்.

1839 நவம்பர் 24

இந்த ஆலையில் நாஸ்மித் ஒரு தனிக் குறிப்பேடு வைத்திருந்தார். திட்ட ஏடு என்று அதனை அழைத்தார். மனத்தில் தோன்றும் எந்த எண்ணத்தையும் உடனே அதில் வரைந்து, நாளும் இட்டு வைப்பார். அளவுகோல் வைத்து அலங்காரமாக வரைந்த படங்கள் அல்ல அவை. எண்ணம் ஓடும் வேகத்துக்கு ஈடுகொடுத்து ஓடிய கோடுகள். பொறியாளனுக்குப் படமே அரிச்சுவடி என்பது அவருடைய உறுதியான கொள்கை.

அக்காலத்தில் பிரிஸ்டல் நகரில் 'கிரேட் பிரிட்டன்' என்னும் பெருங்கப்பல் உருவாகிக் கொண்டிருந்தது. புகழ்பெற்ற பொறியாளர் புரூனலின் திட்டம் அது. இருபுறமும் துடுப்புச் சக்கரங்களைச் சுழற்றிச் செல்லும் கப்பலாகவே அதனை முதலில் எண்ணியிருந்தனர். அச்சக்கரங்களுக்கு வேண்டிய அச்சுத்தண்டு அதுவரை எவரும் அடித்திராத பருமனுடையது. நாட்டில் எந்த உலைக்களமும் அதனை அடித்துத்தர முன்வரவில்லை. செய்வதறியாது திகைத்த அக்கம்பெனியின் பொறியாளர் ஹம்ப்ரீஸ், நாஸ்மித்துக்குக் கடிதம் எழுதினார்.

கடிதத்தைப் படித்ததும் நாஸ்மித் ஏட்டைத் திறந்தார். உலைக்களங்கள் மறுத்ததற்குக் காரணம் என்ன? அன்றிருந்த பெருஞ்சம்மட்டிகள் நம் ஊர் ஏற்றமரத்தைப் போன்றவை. ஓர் அச்சில் ஏறி இறங்கும் நீண்ட தண்டின் நுனியில் சம்மட்டித் தலை இருக்கும். அது உயரும் உயரம் குறைவு. அடிக்கப்படும் இரும்பு சிறிதானால் தலை நெடுந்தொலைவு இறங்கி ஓங்கி அடிக்கும். இரும்பு பெரிதானாலோ பட்டடைக்கும் தலைக்கும் இடையிலிருந்த வெளி முழுவதையும் அந்த இரும்பே அடைத்துக்கொள்ளும். சம்மட்டி விழ இடமில்லை. மிகுந்த வலிமை வேண்டிய இடத்தில் மிகக் குறைந்த அடியே கிடைத்தது. குற்றம் சம்மட்டியின் எடையில் இல்லை. அது விழும் முறையில் இருந்தது.

நோய் தெரிந்ததும் மருந்து கோடுகளாக வெளிவந்தது. ஏற்றமரத்தை விட்டுவிட்டு உலக்கையைப்போல் செங்குத்தாக விழும் சம்மட்டியை வரைந்தார். கீழே ஒரு பட்டடைக்கல். அதன் இருபுறமும் கால்கள் போன்ற இரண்டு தூண்கள். தூண்களின் உச்சியில் கவிழ்த்து வைத்த ஒரு நீராவி உருளை. உருளையிலிருந்து கீழே இறங்கும் உந்துதண்டு. தண்டின் நுனியில் கனத்த இரும்புப் பாளம். நீராவி உள்ளே புகுந்தால் பாளம் உயரும். நீராவியை வெளியே விட்டால் தன் எடையாலேயே விழும். எவ்வளவு உயரத்திலிருந்து விழ வேண்டும் என்பதை நீராவித் திறப்பைப் பிடித்திருக்கும் கை முடிவு செய்யும். கடிதம் கிடைத்ததிலிருந்து அரைமணி நேரத்துக்குச் சற்று மிகுதியான காலத்தில் படம் முடிந்துவிட்டது. நாஸ்மித் அதில் இட்ட நாள் 1839 நவம்பர் 24.

நீராவியால் சம்மட்டியை உயர்த்தலாம் என்னும் எண்ணம் அதற்கு முன்பும் தோன்றாததன்று. ஜேம்ஸ் வாட் 1784இலேயே தம் உரிமைப் பட்டயத்தில் அத்தகைய கருத்தைக் குறித்திருந்தார். ஆனால் அது சொல்லளவில் நின்றது. நாஸ்மித்தின் தாளிலோ ஒவ்வோர் உறுப்பும் தனக்குரிய இடத்தில் நின்றது. அதுதான் வேறுபாடு.

படத்தின் நகல் பிரிஸ்டலுக்குச் சென்றது. புரூனலும் பிறரும் பாராட்டினர். ஆனால் விதி வேறாக இருந்தது. துடுப்புச் சக்கரத்தைவிடக் கப்பலின் பின்புறம் நீருக்குள் சுழலும் திருகுச் சுழலியே சிறந்தது என்று 1840இல் கம்பெனி தன் திட்டத்தை மாற்றிக்கொண்டது. பெரிய அச்சுத்தண்டு தேவையில்லை என்றாயிற்று. சம்மட்டியும் தேவையில்லை என்றாயிற்று. நாஸ்மித் படத்தை வேறு பல உலைக்களங்களுக்கு அனுப்பிப் பார்த்தார். தொழில் மந்தமாக இருந்த காலம். இருக்கும் சம்மட்டிகளுக்கே வேலை இல்லை என்ற மறுமொழியே வந்தது. அவ்வாண்டு ஏப்ரலில் தந்தையும் மறைந்தார். சூன் திங்களில் ஆன் ஹார்டாப் என்னும் மங்கையை நாஸ்மித் மணந்தார். சம்மட்டியோ ஏட்டின் பக்கத்திலேயே உறங்கிற்று.

கடல் கடந்த கோடுகள்

ஒருமுறை நாஸ்மித் வெளியூர் சென்றிருந்தபோது, பிரெஞ்சு நாட்டின் லெ க்ரூசோ என்னும் ஊரில் பெரிய இரும்பாலை நடத்தி வந்த ஷ்னைடரும், அவருடைய பொறியாளர் புர்தோனும் பாட்ரிகிராப்டுக்கு வந்தனர். விருந்தினரை உபசரித்த காஸ்கெல், ஆலையைக் காட்டியதோடு திட்ட ஏட்டையும் திறந்து காட்டினார். புர்தோன் சம்மட்டிப் படத்தைக் கூர்ந்து நோக்கிக் குறிப்பும் எடுத்துக்கொண்டார் என்பது நாஸ்மித் பின்னாளில் எழுதிய வரலாறு.

1842 ஏப்ரலில் பிரெஞ்சு நாட்டுக் கப்பற்கட்டும் துறைகளைப் பார்க்கச் சென்ற நாஸ்மித், லெ க்ரூசோவுக்கும் சென்றார். அங்கே மிகப் பெரிய எஞ்சின் உறுப்பு ஒன்று நேர்த்தியாக அடிக்கப்பட்டுக் கிடப்பதைக் கண்டு வியந்தார். இதனை எவ்வாறு அடித்தீர்கள் என்று வினவினார். உங்கள் சம்மட்டியால்தான் என்று புர்தோன் விடையிறுத்தார். உலைக்களத்துக்கு அழைத்துச் சென்றும் காட்டினார். தாம் இரண்டரை ஆண்டுகளுக்கு முன் வரைந்த கோடுகள் இரும்பாகி நீராவி மூச்சு விட்டுக்கொண்டிருந்ததை நாஸ்மித் கண்ணாரக் கண்டார்.

இந்நிகழ்ச்சிக்கு மறுபக்கமும் உண்டு. புர்தோன் தாமாகவே அக்கருத்தைக் கண்டார் என்று பிரெஞ்சு மக்கள் வாதிடுவர். ஷ்னைடரும் 1842 ஏப்ரலிலேயே தம் நாட்டில் உரிமைப் பட்டயம் பெற்றார். யார் முந்தியவர் என்னும் வழக்கு இருநாட்டாரிடையே நெடுங்காலம் நடந்தது. இவ்வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டுவதில்லை. ஆனால் ஒன்றைக் கருத வேண்டும். நாஸ்மித் சொன்னது மெய்யானால், வேற்று நாட்டார், வேற்று மொழியார், வரைந்தவரின் ஒரு சொல் விளக்கமும் இன்றி, படத்தைப் பார்த்த அளவிலேயே ஒரு பேரெந்திரத்தைச் செய்து முடித்தனர். கருத்துப்படம் எவ்வளவு ஆற்றல் வாய்ந்த மொழி என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ? தெளிவாகப் பேசுவோனின் சொல்லைக் கேட்டோர் எல்லாரும் எடுத்துக்கொள்வது போலவே, தெளிவாக வரைவோனின் கருத்தையும் கண்டோர் எல்லாரும் எடுத்துக்கொள்வர். படத்தின் சிறப்பே அதன் ஆபத்தும் ஆயிற்று.

நாஸ்மித் சினந்து நிற்கவில்லை. விரைந்து தாயகம் திரும்பி, தமக்கையின் கணவர் ஒருவர் தந்த பொருளுதவியால் 1842 சூன் திங்களில் உரிமைப் பட்டயம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே பாட்ரிகிராப்டில் சம்மட்டி அடிக்கத் தொடங்கியது. அதனைத் தானே இயங்கச் செய்யும் திறப்பு அமைப்பைச் செம்மைப்படுத்திய பெருமை ஆலை மேலாளர் இராபர்ட் வில்சனுக்கு உரியது. ஒருவர் வரைந்த கருத்தை மற்றொருவர் வளர்த்தார். படத்தின் பயனும் அதுவேயன்றோ!

காண வந்தவர்க்கு நாஸ்மித் ஒரு வேடிக்கை காட்டுவார். கண்ணாடிக் கோப்பைக்குள் முட்டை ஒன்றை வைத்துப் பட்டடைமேல் நிறுத்துவார். மலைபோன்ற சம்மட்டி இறங்கி முட்டையின் ஓட்டை மட்டும் உடைக்கும்; கோப்பையில் கீறலும் விழாது. அடுத்த அடியிலோ ஆலையின் நிலமே அதிரும். 1856க்குள் 490 சம்மட்டிகள் அவ்வாலையில் செய்யப்பெற்றன. உருசியா, இந்தியா, ஆஸ்திரேலியா வரை அவை சென்றன.

அதே கருத்தைத் தலைகீழாக எண்ணி, நிலத்தில் மரத்தூண்களை அறையும் நீராவிப் பொறியையும் வரைந்தார். 1845இல் டெவன்போர்ட் கப்பல் துறையில் பழைய முறைக்கும் புதிய பொறிக்கும் போட்டி வைத்தனர். 70 அடி நீளத் தூணைப் புதிய பொறி நாலரை நிமிடத்தில் அறைந்தது. பழைய முறைக்கோ 12 மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.

ஏட்டில் இடம்பெறாதவர்கள்

பெரியோரின் வாழ்வை எழுதும்போது பெருமையை மட்டும் எழுதுவது முறையன்று. நாஸ்மித் தொழிற்சங்கங்களை வெறுத்தவர். ஏழாண்டு தொழில் பயின்றவருக்கே வேலை தரவேண்டும் என்று சங்கத்தார் கோரியபோது அவர் மறுத்தார். வேலைநிறுத்தம் வந்தபோது ஸ்காத்லாந்திலிருந்து ஆள்களை வரவழைத்து அதனை முறித்தார். தாமே இயங்கும் எந்திரங்களை மேலும் மேலும் வகுத்து, ஆலையில் இருந்த 1,500 ஆள்களை 750ஆகக் குறைத்ததாகத் தொழிற்சங்கங்கள் பற்றி ஆராய்ந்த அரச ஆணையத்தின் முன் அவரே சாட்சியம் அளித்தார். காரல் மார்க்சு தம் 'மூலதனம்' நூலில் அதனை எடுத்துக்காட்டியிருக்கிறார்.

ஒரு திருகாணி வீணாகக் கூடாது என்று கருதிய அவர், வேலையிழந்த 750 பேர் எங்கே போவார்கள் என்று கருதியதாகத் தெரியவில்லை. எந்திரத்தின் ஒவ்வோர் உறுப்புக்கும் திட்ட ஏட்டில் இடம் இருந்தது. அதனால் வாழ்வு மாறிப்போன மனிதருக்கு அதில் இடம் இல்லை. இத்தனைக்கும், 1838இல் அவர் வகுத்த வார்ப்பு அகப்பை தொழிலாளருக்குப் பெரும் நன்மை செய்த ஒன்று. முன்பெல்லாம் உருகிய இரும்பு நிறைந்த அகப்பையைப் பலர் சேர்ந்து சாய்ப்பர்; ஒருவர் கை தவறினாலும் உயிருக்கே கேடு. பல்சக்கரம் பூட்டி, ஒரே ஆள் எட்ட நின்று சாய்க்கும்படி அதனை அவர் மாற்றினார். உயிரைக் காத்த அதே கை பிழைப்பையும் பறித்தது. வரைவோர் எதனைத் தாளில் சேர்க்கிறார், எதனை விட்டுவிடுகிறார் என்பது சிறு செய்தியன்று.

நிலவை வரைந்தவர்

1856 இறுதியில், 48ஆம் வயதிலேயே, நாஸ்மித் தொழிலிலிருந்து ஓய்வு பெற்றார். கென்ட் பகுதியில் வீடு வாங்கி, அதற்குச் சம்மட்டி வயல் என்று பொருள்படும் பெயரிட்டார். சம்மட்டியை விட்ட கை பென்சிலை விடவில்லை. இப்போது அவர் வரைந்தது வானத்து நிலவை.

இந்த ஆர்வம் பாட்ரிகிராப்டிலேயே தோன்றியது. அங்கே இரவில் வெள்ளை அங்கியோடு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்தில் நடந்தவரைக் கால்வாயில் சென்ற படகோட்டி ஒருவர் கண்டு, பிணப்பெட்டியைச் சுமந்து திரியும் பேய் என்று எண்ணி நடுங்கினாராம்! பின்னர் 20 அங்குல ஆடி பொருத்திய பெரிய தொலைநோக்கியைத் தாமே செய்தார். குழாய் எப்பக்கம் திரும்பினாலும் பார்ப்பவர் ஒரே இடத்தில் அமர்ந்திருக்குமாறு, குழாய் சுழலும் அச்சின் வழியே ஒளியை வெளிக்கொணர்ந்தார். ஹவாய்த் தீவின் கெக் தொலைநோக்கி போன்ற மிகப் பெரிய கருவிகளிலும் இவ்வமைப்பு நாஸ்மித் குவியம் என்னும் பெயரோடு பயன்படுகின்றது.

நிலவின் பள்ளங்களையும் மலைகளையும் இரவிரவாக வரைந்தார். 1851இல் இலண்டன் பெருங்கண்காட்சியில் சம்மட்டிக்கு மட்டுமன்றி, நிலவுப் படத்துக்கும் பரிசு பெற்றார். தொலைநோக்கி வழியே நிலவின் நுண்ணிய கூறுகளைப் புகைப்படம் பிடிக்க அக்காலத்தில் இயலாது. ஆகவே படங்களைப் பார்த்துச் சுண்ணச்சாந்தால் மாதிரிகள் செய்து, அவற்றை வெயிலில் வைத்துப் புகைப்படம் எடுத்தார். ஜேம்ஸ் கார்ப்பெண்டரோடு சேர்ந்து 1874இல் வெளியிட்ட நிலவு பற்றிய நூலில் அப்படங்கள் இடம்பெற்றன. நிலவு குளிர்ந்து சுருங்கியதால் மலைகள் மடிந்தன என்று விளக்க, முதியவர் ஒருவரின் சுருங்கிய கையையும், வாடிய ஆப்பிளையும் படமெடுத்து அருகருகே வைத்தார். கண்டவர் உடனே புரிந்துகொண்டனர்.

ஆனால் புரிந்துகொண்டது உண்மையன்று. நிலவின் பள்ளங்கள் எரிமலை ஊற்றுகளால் ஆனவை என்று அவர் கருதினார். விண்கற்கள் மோதியதாலேயே அவற்றுள் மிகப் பல உண்டாயின என்பது பின்னர் நிலைபெற்றது. அவர் மாதிரிகளில் ஊசிபோல் நின்ற மலைகளும், 1969 முதல் அங்குச் சென்று இறங்கியோர் கண்ணுக்குத் தேய்ந்து மழுங்கிய குன்றுகளாகவே தென்பட்டன. சம்மட்டிப் படம் தவறானால் பட்டடை சொல்லிவிடும். முதல் அடியிலேயே குற்றம் வெளிப்படும். நிலவுப் படத்துக்கு அத்தகைய பட்டடை அன்று இல்லை. அழகாகவும் தெளிவாகவும் இருந்ததாலேயே படத்தை மெய்யென்று நம்பிவிட்டனர். தெளிவு வேறு, உண்மை வேறு. இதனை உணர்த்துவதில் அவருடைய வெற்றியைவிடத் தோல்வியே நல்லாசான்.

முடிவுரை

1883இல் தம் வாழ்க்கை வரலாற்றைச் சாமுவேல் ஸ்மைல்சின் துணையோடு வெளியிட்டார். 1890 மே 7ஆம் நாள் இலண்டனில் காலமானார். பிறந்த மண்ணாகிய எடின்பரோவிலேயே அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது. நிலவில் உள்ள பள்ளம் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

நண்பர்களே! நாம் கலைக்கல்லூரி மாணவர்கள்; சம்மட்டி செய்யப் போகிறவர்கள் நம்மில் சிலரே. ஆயினும் இவ்வாழ்வில் நமக்கும் பாடம் உண்டு. செய்முறை ஏட்டில் முந்தைய ஆண்டு மாணவரின் படத்தைப் பார்த்து நகல் எடுக்கிறோம். கோடு நேராக இருக்கிறது; மதிப்பெண்ணும் கிடைக்கிறது. ஆனால் மேசைமேல் இருக்கும் கருவியை நம் கண் பார்க்கவே இல்லை. அலெக்சாண்டர் நாஸ்மித் தரையில் எறிந்த கட்டைகள் நம் முன்னும் கிடக்கின்றன. அவற்றைப் பார்த்து, கோணலாக இருந்தாலும் நாமே வரைவோம். வரைந்ததைத் தோழருக்குக் காட்டி, அவருக்கு விளங்குகிறதா என்று கேட்போம். விளங்கியபின், அது மெய்தானா என்று பொருளோடு ஒத்துப் பார்ப்போம். கண், கை, பட்டடை ஆகிய மூன்றும் கூடினால்தான் கோட்டில் பிறந்தது உலகில் வாழும்.